சம்பந்தியின் மேல் வரிசை

என் வீட்டுக்காரர் பல் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், அதை வைத்துப் பல் செட் செய்து திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை, அதுதான் எங்கள் பட்டறை. ஜன்னலோர மேஜை அவருடையது. மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து வரிசை கட்டுவது அவர் கை. பிளாஸ்டர் கலக்குவது, அச்சு வார்ப்பது, தேதி தவறினால் டாக்டர்களிடம் போனில் பேச்சு வாங்குவது எல்லாம் நான். மெருகு போடுவது என் அண்ணன்.

அண்ணனுக்கே மேல் வரிசை முழுக்க செட்தான். ஈறு கெட்டு நாற்பத்தைந்து வயதிலேயே பற்கள் போய்விட்டன. அவர்தான் செய்து கொடுத்தார். "மாப்பிள்ளை கைவேலைக்கு என் வாய்தான் சாட்சி" என்று அண்ணன் படியேறி வருகிறவர்களிடமெல்லாம் ஈயென்று காட்டுவான். படியேறி வருகிறவர்கள் என்றால் பார்சல் கொண்டுவருகிறவரும் மின்சார மீட்டர் பார்க்கிறவரும்தான். பல்லைப் போட்டுக்கொள்கிற மனிதர் யாரும் எங்கள் படி ஏறியதில்லை. அவர்களுக்கு டாக்டரைத் தெரியும், எங்களைத் தெரியாது. அச்சுகளின் மேல் ஒட்டிய நம்பரைத் தவிர அவர்களைப் பற்றி எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. இருபத்தெட்டு வருஷமாக இப்படித்தான்.

பட்டறையில் ஒரு ரேடியோப் பெட்டி இருந்தது. பிளாஸ்டர் தூசியைத் தின்று தின்று ஒருநாள் தொண்டையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அண்ணன் தன் பழைய போனையும் ஒரு குட்டி ஸ்பீக்கரையும் கொண்டுவந்து வைத்தான். அந்தப் போனில் ஒரு உலக உருண்டை வரும். விரலால் சுற்றலாம். உருண்டை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ரேடியோ ஸ்டேஷன். தொட்டால் போதும், அந்த ஊர் ரேடியோ இந்த நிமிஷம் என்ன பேசுகிறதோ அது நம் மேஜையில் பேசும்.

முதல் வாரம் மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தோம். ஸ்டேஷன் பெயர்களெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதேதோ எழுத்தில் இருக்கும். படிக்கத் தெரியாததால் நாங்களே பெயர் வைத்தோம். நடுநடுவே மாடு கத்துகிற ஒன்று மாட்டு ஸ்டேஷன். எந்தப் பாட்டைப் போட்டாலும் பாடுகிறவர் விம்முகிற மாதிரியே இருக்கும் ஒன்று ஒப்பாரி ஸ்டேஷன். ஒரு ஆணும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிற ஸ்டேஷன் ஒன்று உண்டு, அது எனக்குப் பிடித்தது. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. தெரியாமலே நானும் சிரிப்பேன். பிளாஸ்டர் கிண்ணம் குலுங்கும்.

"உனக்கு எதுக்கு சிரிப்பு வருது?" என்பான் அண்ணன்.

"அவங்களுக்கு எதுக்கு வருதோ அதுக்குத்தான்."

அண்ணனுக்குக் குதித்து ஆடுகிற மேளம் வேண்டும். மெருகுச் சக்கரத்தை அந்தத் தாளத்துக்கு ஏற்றவாறு மிதிப்பான். அவருக்கு இந்த இரண்டும் ஆகாது. "பாட்டு கேட்டா கை ஆடும். பேச்சு கேட்டாதான் கை நிக்கும்" என்பார். கடைசியில் பங்கு பிரித்தோம். காலை அவருக்கு, மதியம் எனக்கு, சாயங்காலம் அண்ணனுக்கு.

அவர் பேச்சு கேட்பது அர்த்தத்துக்காக இல்லை, வாய்க்காக. மெழுகுக் கத்தியைப் பிடித்தபடியே, "இந்தப் பொண்ணுக்கு முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கு" என்பார். "இவருக்குக் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னாடி" என்பார். சரியா தப்பா என்று யார் போய்ப் பார்ப்பது? நாங்களும் தலையாட்டி வைப்போம்.

அப்படித்தான் சம்பந்தி எங்கள் வீட்டுக்குள் வந்தார். உருண்டையின் மேல் பக்கத்தில், கடலுக்கு நடுவே பட்டாணி அளவு தீவில் ஒற்றைப் புள்ளி. எங்களுக்குக் காலை பத்து மணி ஆகும்போது அங்கே ஒருவர் செய்தி வாசிப்பார். ஆழமான குரல், அவசரமே இல்லாத குரல். செய்தி முடிந்ததும் ஊர் ஊராகப் பெயர் சொல்லி எண்களைச் சொல்வார். தினமும் அதே ஊர்கள், அதே வரிசை. பின்னால் அலைச் சத்தம் மாதிரி ஒரு இசை. கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றும் அலையும் சொல்கிறார் என்று ஒரு மாதத்தில் எங்களுக்கே விளங்கிவிட்டது.

அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் என் வீட்டுக்காரர் அவ்வளவு மரியாதையாக உட்கார்ந்திருப்பார். தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்வார். அதைப் பார்த்துத்தான் நான் சொன்னேன்: "பொண்ணு கொடுத்த வீட்டு சம்பந்தி வந்து பேசற மாதிரி இல்ல உக்காந்திருக்கீங்க!" அன்றிலிருந்து அந்தக் குரலுக்கு சம்பந்தி என்று பெயர். "சம்பந்தி வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் அண்ணன் காலையில் டீ வாங்கி வருவான்.

மூன்று வருஷம் போனது. கேட்டுக் கேட்டு அண்ணனுக்கு அந்த ஊர் வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாது. ஆனாலும் சக்கரத்தை மிதித்தபடி சம்பந்தியோடு சேர்ந்து கடகடவென்று ஒப்பிப்பான், அதே ஏற்ற இறக்கத்தோடு. மூன்றாவது ஊர் எங்கள் காதில் 'ஸாஸ்னேசி' என்று விழும். அதற்கு மட்டும் அண்ணன் குரலை உயர்த்துவான். ஏன் என்று கேட்டால், "அங்க நமக்கு ஒரு படகு நிக்குது" என்பான்.

ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு வேறு குரல். சின்னப் பெண், கீச்சுக்குரல். அடுத்த நாளும் அவள்தான். உடனே அவளுக்குக் கிளி என்று பெயர் வைத்துவிட்டோம்.

"லீவு போட்டிருப்பாரு" என்றேன்.

"மூணு வருஷத்துல ஒரு நாள் போட்டதில்ல." அவர் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கிளிதான். மூன்றாவது திங்கட்கிழமை சம்பந்தி திரும்பி வந்தார். "வந்தாச்சு வந்தாச்சு" என்று அண்ணன் சக்கரத்தை நிறுத்தினான். எனக்கும் நிம்மதியாக இருந்தது. முகம் தெரியாத மனுஷனுக்காக மனசு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் கையைத் தூக்கி, "உஷ்" என்றார்.

கேட்டோம். நடுநடுவே, மெல்லியதாக, கொதிக்கிற கெட்டில் மாதிரி ஒரு விசில். 'ஸ' வருகிற இடமெல்லாம் ஒரு விசில்.

"பல் செட்" என்றார் அவர். "மேல் வரிசை. புதுசு."

"மைக் கோளாறா இருக்கும் மாப்ளே" என்றான் அண்ணன்.

"மைக் கோளாறுன்னா எல்லா எழுத்துக்கும் வரணும். இது 'ஸ'வுக்கு மட்டும் வருது." சொல்லிக்கொண்டே கையில் இருந்த மெழுகு வரிசையைத் திருப்பி உட்புறத்தைக் காட்டினார். "'ஸ' சொல்றப்ப நாக்கு நுனிக்கும் இந்த மேல் அண்ணத்துக்கும் நடுவுல ஒரு சின்ன சந்துல காத்து போகணும். முன்பல்லுக்குப் பின்னாடி இந்த இடம் மெலிசா போச்சுன்னா சந்து பெருசாயிடும். விசில் அடிக்கும். செஞ்சவன் பார்க்கல. இல்ல, பார்க்க அவனுக்கு வழியில்ல."

அடுத்த நாள் கிளி சில வார்த்தை பேசினாள். அதே மைக்தான், விசில் இல்லை. அண்ணன் ஒத்துக்கொண்டான்.

நாளுக்கு நாள் சம்பந்தியின் வாசிப்பு தயங்கியது. 'ஸ' வரப்போகிற இடத்துக்கு முன்னால் ஒரு கணம் நிற்பார், பள்ளத்தைப் பார்த்து வண்டியை மெதுவாக்குகிற டிரைவர் மாதிரி. ஸாஸ்னேசி வந்தால் இரண்டு தடவை தடுக்கும். இரண்டாம் வாரம் ஊர் வரிசையைக் கிளி வாசித்தாள். மூன்றாம் வாரம் செய்தியையும் அவளே வாசித்தாள். சம்பந்தி மணி மட்டும் சொன்னார். ஸ்டேஷன் பெயரைச் சொன்னார். அதிலும் ஒரு 'ஸ' இருந்தது.

என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒரு நூல் கனம்தான். ஒரே ஒரு நூல்" என்பார். "அளவு மட்டும் கிடைச்சா நானே செஞ்சு அனுப்பிடுவேன்."

"எழுதித்தான் பாருங்களேன்" என்றான் அண்ணன். "ஸ்டேஷன் பக்கத்துல மெயில் விலாசம் இருக்கு."

நான் குறுக்கே விழுந்தேன். "முன்னபின்ன தெரியாத மனுஷனுக்கு 'உன் பல் சரியில்ல'ன்னு எழுதுவாங்களா? ஊரு முன்னாடி பேசறதுதான் அவரோட பிழைப்பு. அதுலயே அடி வாங்கி உக்காந்திருக்காரு. எங்கிருந்தோ ஒருத்தன் அதையே குத்திக்காட்டினா எப்படி இருக்கும்?"

"அப்ப தெரிஞ்சும் சும்மா இருக்கச் சொல்றியா?" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று முழுக்க பிளாஸ்டர் கலக்கிக்கொண்டே யோசித்தேன். நம் வீடுகளில் ஒருத்தருக்குச் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்வோமா? மருமகளுக்குச் சொல்ல வேண்டியதை மகளைப் பார்த்துச் சொல்வோம். சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னேன்:

"சம்பந்தி பல்லைப் பத்தி ஒரு வார்த்தை எழுத வேண்டாம். அண்ணன் பல்லைப் பத்தி எழுதுவோம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணனுக்குப் புதுசா செட் போட்டோம், விசில் அடிச்சுது, இப்படி இப்படி செஞ்சோம், சரியாச்சுன்னு எழுதுவோம். அந்த சந்தோஷத்துல உங்க கடல் செய்தியைப் படிச்சுப் பார்த்தான், கேளுங்கன்னு அண்ணன் குரலையும் அனுப்புவோம். விசிலோட ஒண்ணு, விசில் இல்லாம ஒண்ணு. ரேடியோக்காரருக்குக் காது போதும். புரிஞ்சுக்குவாரு."

"எனக்கு ஏது விசில்?" என்றான் அண்ணன். "மாப்ள செஞ்சது மணி மணியா பேசுதே."

"அதான் விஷயம். மாப்ள உனக்கு விசில் அடிக்கிற செட் ஒண்ணு செஞ்சு தருவாரு."

"ஏம்மா, என் வாயென்ன சோதனைச் சாலையா?" என்று அண்ணன் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டான். ஆனால் ஸாஸ்னேசியைத் தன் குரலில் தீவுக்கே அனுப்புவது என்றதும் முறுக்கு தளர்ந்துவிட்டது. "வாலியூம் நல்லா வைக்கணும்" என்று மட்டும் சொன்னான்.

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் தெரிந்தே ஒரு கெட்ட செட் செய்தார். அவ்வளவு சுலபமில்லை அது. அவர் கை தானாகவே சரியான கனத்துக்குப் போய்விடும். "பழகின மாடு வீட்டுப் பக்கமே இழுக்குது" என்று அலுத்துக்கொண்டார். மற்ற வேலைகளுக்கு நடுவே மூன்று நாள் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்கினார். நான்காம் நாள் அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு, "ஸ்ஸ்ஸாஸ்ஸ்னேஸ்ஸி" என்றதும் மூவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்படியே சம்பந்தி.

அந்தப் பல்லோடே அண்ணன் டீ வாங்கப் போனான். கடையில் "சார், சீக்கிரம் சார்" என்றானாம். வரிசையில் நின்ற நாலு பேரும் யாரோ விசில் அடித்துக் கூப்பிடுகிறார்கள் என்று தெருவைத் திரும்பிப் பார்த்தார்களாம். திரும்பி வந்தவன் முகம் வேறு மாதிரி இருந்தது. "சிரிச்சோமே தவிர, பாவம்மா அந்த மனுஷன்" என்றான். "கடைக்காரர் மூஞ்சியைப் பார்த்துப் பேசவே கூசுது. எப்படி தினமும் மைக் முன்னாடி போய் உக்காந்தாரு?"

ஜன்னலுக்குத் துண்டுகளைக் கட்டி, மோட்டாரையெல்லாம் நிறுத்திவிட்டு, பதிவு செய்தோம். முதலில் விசிலோடு. பிறகு அவர் மெழுகை உருக்கி, முன்பல்லுக்குப் பின்னால் மேல் அண்ணத்தில் ஒரு பொட்டு வைத்தார். "சொல்லுங்க மச்சான்." அண்ணன் சொன்னான். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "இன்னும் கொஞ்சம்." வைத்தார். சொன்னான். "இப்ப அதிகமாயிடுச்சு, நாக்கு மழுங்குது." சுரண்டினார். ஏழாவது தடவை ஸாஸ்னேசி தண்ணீரில் வழுக்குகிற மீன் மாதிரி வந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே, "அவ்வளவுதான்" என்றார். எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசப் பேச அவர் பல்லைத் திருத்தியது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது தோன்றவில்லை, பிறகுதான் தோன்றியது.

கடிதத்தை நான் சொல்லச் சொல்ல போனே அந்த ஊர் பாஷைக்கு மாற்றியது. சரியாக மாற்றியிருக்கிறதா என்று பார்க்க அதையே திரும்பத் தமிழாக்கினோம். 'எங்கள் அண்ணனின் அண்ணத்தில் மெழுகு வைத்தோம்' என்று நான் சொன்னது, 'எங்கள் அண்ணனின் அண்ணன் மீது மெழுகுவர்த்தி ஏற்றினோம்' என்று திரும்பி வந்தது.

"எனக்கேது அண்ணன்? அவன் மேல எதுக்கு மெழுகுவர்த்தி?" என்று அண்ணன் கத்தினான்.

மேல் அண்ணம் என்று சொன்னேன், மூத்த அண்ணன் என்று வந்தது. வாயின் கூரை என்று சொல்லிப் பார்த்தேன், ஓடு மாற்றுவதைப் பற்றி ஏதோ வந்தது. கடைசியில் அவர் ஒரு தாளை எடுத்து, வாயைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படிப் படம் வரைந்தார். பல், நாக்கு, அண்ணம். மெழுகு வைக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு பிறை. எத்தனை கனம் என்று பக்கத்தில் ஒரு எண். அதைப் படம் எடுத்து, இரண்டு பதிவையும் சேர்த்து, நாலே வரிக் கடிதத்தோடு அனுப்பினோம். கடைசி வரி நான் சேர்த்தது: 'உங்கள் குரலைக் கேட்டுத்தான் எங்கள் வேலை நாள் தொடங்குகிறது.'

பதில் வரவில்லை. ஒரு வாரம் ஆனது. பத்து மணிக்குக் கிளிதான். இப்போது சம்பந்தி மணி சொல்லக்கூட வரவில்லை. என் வீட்டுக்காரர் வேலையில் மூழ்கியிருந்தார். எனக்குத்தான் உள்ளுக்குள் குடைந்தது. யோசனை சொன்னது நானாயிற்றே. சுற்றி வளைத்துச் சொன்னாலும் சுட்டது சுட்டதுதானோ, இருந்த இடத்தையும் விட்டுப் போய்விட்டாரோ என்று பயந்தேன்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை மதியம். என் ஸ்டேஷனில் அந்த மூன்று பேரும் வழக்கம்போல சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பிளாஸ்டர் கலந்து அச்சில் ஊற்றப்போன நேரம், போனில் மெயில் வந்த சத்தம். அண்ணன் எடுத்துப் பார்த்தான். "எறும்பு எழுத்து" என்றான். "கூட ஒரு பதிவு இருக்கு."

கலந்த பிளாஸ்டர் யாருக்கும் காத்திருக்காது. ஆனால் அன்றைக்குக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். அண்ணன் பொத்தானை அழுத்தினான்.

சம்பந்தியின் குரல். நிதானமாக, ஆழமாக. ஒரு நிமிஷம் போயிருக்கும், நான் அர்த்தம் என்ன என்று தவித்துக்கொண்டிருக்கிறேன், என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் அது அப்படியே மலர்ந்திருந்தது. அவருக்கு அர்த்தம் தேவைப்படவில்லை. எத்தனை 'ஸ' வந்தது என்று கணக்கில்லை. ஒன்றில்கூட விசில் இல்லை.

"வச்சுட்டான்" என்றார். "சரியான இடத்துல வச்சுட்டான்." எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கண்ணைத் துடைத்தாரா என்று எனக்குத் தெரியாது. முதுகு மட்டும்தான் தெரிந்தது. என் கையில் இருந்த கிண்ணத்தில் பிளாஸ்டர் கல்லாகிப் போயிருந்தது.

பிறகு இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்துத் துண்டு துண்டாக மொழிபெயர்த்தோம். சம்பந்தி சொன்னது இதுதான். பதிவைக் கேட்டு முதலில் கோபம் வந்தது. யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்தார். இரண்டாவது பதிவைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. படத்தையும் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு தன் டாக்டரிடம் போனார். அங்கே பல் செய்கிற பெண்ணை வரவழைத்து, அவள் மெழுகு வைக்க வைக்க இவர் கடல் செய்தியை வாசித்தாராம். ஐந்தாவது தடவையில் சரியாகிவிட்டதாம். திங்கட்கிழமை முதல் திரும்ப வாசிக்கப் போகிறார்.

"உங்கள் அண்ணனின் பல்லைப் பற்றி எழுதியதற்கு என் பல் நன்றி சொல்கிறது" என்று ஒரு வரி வந்தது. போன் சரியாகத்தான் மொழிபெயர்த்தது என்று நினைக்கிறேன். எங்கள் சுற்றி வளைப்பு அவருக்குப் புரிந்திருந்தது. புரிந்ததை அவரும் சுற்றி வளைத்தே சொல்லியிருந்தார். நல்ல சம்பந்திதான்.

பிறகு, "படம் வரைந்த கை யாருடையது? அந்தக் கைக்கு என் வணக்கம்" என்று கேட்டிருந்தார். என் வீட்டுக்காரர் அந்த வரியை மட்டும் மூன்று தடவை போடச் சொன்னார்.

கடைசியாக அண்ணனுக்கு ஒரு பாடம் இருந்தது. மூன்றாவது ஊர் ஸாஸ்னேசி இல்லையாம், ஸாஷ்னேஸாம். அதை மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, மூன்று தடவை சொல்லிக் காட்டியிருந்தார். "மூணு வருஷமா என் படகு தப்பான துறைமுகத்துல நின்னிருக்கு" என்று அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சம்பந்தி வாசித்தார். செய்தி முடிந்து, ஊர் வரிசை முடிந்து, அதன் பிறகு என்னவோ சிரித்துக்கொண்டே சொன்னார். திடீரென்று எங்கள் மேஜையில், உலகம் முழுக்கச் சுற்றிவந்து, அண்ணனின் குரல் கேட்டது. முன்பு, பின்பு, இரண்டும். விசில் அடித்த பதிவில் கிளி சிரிப்பது பின்னால் கேட்டது.

"ரெண்டாவதை மட்டும் போட்டிருக்கலாம்" என்றான் அண்ணன். ஆனால் அன்று முழுக்கச் சக்கரம் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது. ஒரு வாரத்துக்கு டீக்கடையில் எல்லோரும் அதைக் கேட்டாக வேண்டியிருந்தது.

நான் அவரைப் பார்த்து, "இப்பவாவது சந்தோஷமா?" என்றேன்.

"நல்லா இருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "'ஃப' மட்டும் லேசா இடிக்குது. முன்பல் ஒரு மயிரிழை நீளம்" என்றார்.

"வாயை மூடிட்டு வேலையைப் பாருங்க. அடுத்த கடிதம் நான் எழுத மாட்டேன்."

கடிதம் எழுதவில்லை. ஆனால் அவர் வேறொன்று செய்தார். எங்களுக்கு அதிகம் வேலை அனுப்புகிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் பேசும் வேலை எப்போதும் என்னுடையது. அந்த வாரம் என் வீட்டுக்காரரே போனை என் கையிலிருந்து வாங்கினார். நான்கு தடவை தொண்டையைக் கனைத்துவிட்டு, "மெழுகுல இருக்கறப்பவே ஆளைக் கொஞ்சம் எங்க பட்டறைக்கு அனுப்ப முடியுமா? பேசிக் காட்டினா போதும். அரை மணி நேரம்" என்றார். டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். "இத்தனை வருஷமா ஏன் கேக்கல?" என்றாராம். ஏன் கேட்கவில்லை என்று எங்களுக்கும் தெரியவில்லை.

நான் மாடியைக் கழுவிவிட்டேன். நாற்காலி ஒன்று வாங்கினோம். அண்ணன் மெருகுச் சக்கரத்துக்கு உறை தைத்துப் போட்டான்.

முதலில் வந்தது ஒரு கணக்கு டீச்சர். அறுபதை நெருங்கியவர், படியேறியதில் மூச்சு வாங்கிக்கொண்டு, கைக்குட்டையால் வாயை மறைத்தபடி உட்கார்ந்தார். எதைப் படிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. ரேடியோவை நிறுத்திவிட்டு, "டீச்சர், கிளாஸ்ல என்ன சொல்லுவீங்களோ அதையே சொல்லுங்க" என்றேன்.

டீச்சர் மெழுகுப் பல்லோடு நிமிர்ந்து உட்கார்ந்து, "சத்தம் போடாதே! சிலேட்டை எடு!" என்றார். அண்ணன் திடுக்கிட்டு எழுந்து நின்றான்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்" என்றார், கத்தியை விளக்கில் காட்டியபடி.